கொழுந்து லொறிக்கு முன்னால் ஓடிய பெற்றோல் வண்டி

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும், ஸ்பேனர் பிடிக்க வந்திருக்கும் அந்த ஒரே தங்கச்சிக்கும்,

என் சாதனைகளை எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சரி, பயந்த சம்பவங்களை எழுதுவோம் என்று உட்கார்ந்தால் ஒரு கொப்பி போதாது போலிருக்கிறது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஜெக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் போவதற்கு முன் மூன்று சாமியைக் கும்பிடுவேன். வெளியே வந்ததும் மறந்துவிடுவேன். ஆகவே ஒரே ஒரு பயத்தை மட்டும் எழுதுகிறேன். எப்படி ஜெட் மாற்றுவது, எப்படி டைமிங் வைப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. கலவானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபெக்டரி வண்டிகளைப் பார்த்துக் கொள்வது என் வேலை. தோட்டத்துக்கு மேலே மலை முதுகில் சிங்களக் கிராமங்கள். வீட்டுக்கு வீடு அரை ஏக்கர், கால் ஏக்கர் தேயிலை. பறித்த கொழுந்தை அவர்கள் எந்த ஃபெக்டரிக்கும் கொடுக்கலாம். கொடுக்கிற முறைதான் வேடிக்கையானது. பகல் இரண்டு மணிக்குமேல் வண்டியின் ஹோர்ன் கேட்டால் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். முதலில் வந்த வண்டியில் சாக்கு ஏறும். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு சிரிப்பும் ஒரு வாய் வெற்றிலையும் கிடைக்கும். அந்த ஊரில் ஹோர்ன் அடித்தால் ‘விலகு’ என்று அர்த்தமில்லை, ‘ரோட்டுக்கு வா’ என்று அர்த்தம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததால்தான் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தது ஒரு சின்ன பெற்றோல் வண்டி, பின்னால் தட்டு வைத்தது. எதிராளி ஒரு தனியார் ஃபெக்டரியின் டீசல் லொறி. அதை ஓட்டியவன் சுனில், இருபத்தைந்து வயதுக்காரன். மேல் கிராமத்துப் பையன் என்பதால் பாதிச் சாக்குகள் அவனுடைய மாமா, சித்தப்பா வீட்டுச் சாக்குகள். அதனால் தோட்டத்து மனேஜர் தொரை என்னைக் கூப்பிட்டார். “டீசல் லொறிக்கு முன்னால இந்த வண்டி மேல ஏறணும். இல்லாட்டி கொழுந்து இல்ல. கொழுந்து இல்லாட்டி ஃபெக்டரிக்கு நீங்க எதுக்கு?” என்றார். கேட்ட கேள்வியை அவரிடமே விட்டுவிட்டு, ஏறச் சொன்ன வேலையைச் செய்தேன்.

இஞ்சின் ஹெட்டைச் சீவினேன். கூடுதல் பெற்றோல் விடும் பெரிய ஜெட் வைத்த வேறு கார்பரேட்டரைப் போட்டேன். டைமிங்கை முன்னுக்குத் தள்ளினேன். ஏற்றத்தில் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. சுனிலின் லொறி இரண்டாவது வளைவில் முக்கிக்கொண்டிருக்கும்போது நாங்கள் மேலே ஹோர்ன் அடித்துக்கொண்டிருப்போம். ஒரே ஒரு குறைதான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இஞ்சின் நின்றுவிடும். நின்றால் சாவிக்கு அசையாது, தள்ளித்தான் ஆகவேண்டும். காலையில் தேயிலை மலைக்குப் போகும் அறுபது பெண்கள்தான் தள்ளுவார்கள். என் மனைவி லெட்சுமியும் அந்தக் கூட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கூடையைத் தலையில் மாட்டியபடியே தள்ளுவாள்.

“என்னா பாஸ், தொர வண்டி வாங்கிக் குடுத்தாரா, தேர் வாங்கிக் குடுத்தாரா?” என்பாள் ஒருத்தி. மெக்கானிக்கை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“தேருன்னா வடம் இருக்குமே, அது எங்க?” என்பாள் இன்னொருத்தி.

“அத நம்ம லெட்சுமி கழுத்துல கட்டி விட்டுட்டாங்க” என்று மூன்றாவது குரல் வரும். லெட்சுமி இன்னும் ஓங்கித் தள்ளுவாள். ஆனால் அறுபது பெண்களும் ஒரு விஷயத்தில் நன்றாகப் பழகிவிட்டார்கள்: நான் “தள்ளுங்க” என்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் தள்ளுவார்கள்.

ஒரு மாதம் நன்றாகப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுனில் என் லயத்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு போத்தல் கித்துள் பாணி, கித்துள் பனையின் இனிப்புப் பாகு. பாதி சிங்களமும் பாதி தோட்டத் தமிழுமாகப் பேசுவான்.

“பாஸ், எங்க லொறியும் கொஞ்சம் பாருங்க.”

“எதிரி வண்டிய நான் எப்படிடா பாக்கறது?”

“சரி விடுங்க. பாஸ் பெற்றோல்காரன்தானே. டீசல் தெரியாதுதானே.”

தம்பிமாரே, என்னைத் திட்டுங்கள், தாங்கிக்கொள்வேன். சம்பளத்தைக் குறையுங்கள், இரண்டு நாள் புலம்பிவிட்டு விட்டுவிடுவேன். டீசல் தெரியாது என்று மட்டும் சொல்லக்கூடாது. அரை மணி நேரத்தில் நான் அவனுடைய லொறிக்கு அடியில் கிடந்தேன். மூன்று சாமியையும் கும்பிடவில்லை, அவ்வளவு அவசரம்.

டீசல் பம்பின் ஈய முத்திரையை உடைத்து டீசலைக் கூட்டினேன். மிதித்தால் கரும்புகை கக்கும், ஆனால் இழுவை வரும். பிறகு புகைக் குழாயில் இருந்த எக்ஸோஸ்ட் பிரேக்கைப் பார்த்தேன். பாரமான லொறி இறக்கத்தில் போகும்போது குழாயை அடைத்து இஞ்சினையே பிரேக்காக்கும் தகடு அது. புகைக்கு அது ஒரு தடை. கழற்றிவிட்டு ஒரு குழாய்த் துண்டை வைத்து அழகாக வெல்டிங் செய்தேன்.

“இது என்னா பாஸ்?” என்றான் சுனில்.

“ஒண்ணுமில்ல. புகை போற வழியில ஒரு அடைப்பு. ஸ்டேரிங்குக்குப் பக்கத்துல இருக்கற அந்த லீவர இனி இழுக்காத, அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் சொன்னேன். அது எதற்கு இருக்கிறது என்று சொல்லவில்லை. அவன் அந்த லொறிக்குப் புதிது. அதற்கு முன் இரத்தினபுரிப் பக்கம் சமதரையில் வேன் ஓட்டியவன். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பான். என் மனதுக்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம் வேறு: பாரத்தோடு அவன் இறங்குவது சுற்றிப் போகும் மேல் ரோட்டில்தானே, அது சாய்வு குறைந்த ரோடுதானே, எங்கள் தோட்டத்துக் குத்து இறக்கத்தில் அவன் வரப்போவதில்லையே. கழற்றிய இரும்பை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நல்ல கனம். லெட்சுமி அதைக் கதவுக்கு முட்டாக வைத்துக்கொண்டாள். கித்துள் பாணியை ரொட்டியோடு சாப்பிட்டோம். யார் கொடுத்தது என்று அவள் கேட்டாள். மேல் கிராமத்தில் ஒருவர் என்றேன். பொய் இல்லைதானே.

அதற்குப் பிறகு போட்டி சரிக்குச் சரியானது. ஒரு நாள் அவன், ஒரு நாள் நாங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வைத்தியன் என்பது எனக்கும் சுனிலுக்கும் மட்டும் தெரியும். கண்ணாடியில் அவனுடைய கரும்புகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமை. எங்கள் டிரைவர் தங்கையா அண்ணன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, “எவனோ நல்ல கை வச்சிருக்கான் பாஸ் அந்த லொறியில” என்பார். நான் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்ப்பேன்.

அந்தப் பெருமை சரியாக மூன்று வாரம் இருந்தது.

நான்கு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள். பெற்றோல் வண்டி வளைவுகளில் இருமுகிறது என்று தங்கையா அண்ணன் சொன்னதால் அன்றும் நான் இடது பக்க சீட்டில் ஏறிக்கொண்டேன். மேலே போனபோதுதான் தெரிந்தது, மேல் ரோட்டில் மண் சரிந்து வழி அடைபட்டிருந்தது. எல்லா வண்டியும் எங்கள் தோட்டத்து இறக்கத்தால்தான் திரும்ப வேண்டும். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வழக்கமான அவசரம், சாக்குகள், ஹோர்ன், சிரிப்பு. நாங்கள் ஏற்றிக்கொண்டு முதலில் இறங்கினோம்.

நாலாவது வளைவில் பின்னால் ஹோர்ன் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். சுனில்தான். சாக்குகள் கூரைக்கு மேல் குவிந்திருந்தன.

“பாத்தீங்களா பாஸ், இறக்கத்துலயும் முந்தணுமாம் இவனுக்கு” என்றார் தங்கையா அண்ணன். “விட மாட்டேன். அடி, நல்லா அடி, காது குளிரட்டும்.”

ஹோர்ன் நிற்கவில்லை. விட்டு விட்டு அடிக்கும் விளையாட்டு ஹோர்ன் இல்லை. அழுகிற பிள்ளை மூச்சு விடாமல் இழுப்பது போல ஒரே இழுப்பு. லொறி கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது. நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவோ ஒன்று குறைந்தது. எது என்று பிடிபட ஒரு வளைவு தேவைப்பட்டது.

புகை இல்லை.

நான் கூட்டி வைத்த பம்ப் அது. அவன் மிதித்தால் கரும்புகை கக்கியே ஆகவேண்டும். புகை இல்லையென்றால் அவன் மிதிக்கவில்லை. மிதிக்காமல் இந்த வேகம் என்றால் லொறி தானாக வருகிறது. அதே நேரம் ஜன்னலால் அந்த வாசம் வந்தது. பிரேக் லைனிங் கருகும் வாசம். வேலை செய்த நாளெல்லாம் கராஜில் முகர்ந்திருக்கிறேன். தலையை வெளியே நீட்டி இன்னொரு தரம் முகர்ந்தேன்.

“அண்ணே, அவன் ரேஸ் ஓடல. அவனுக்குப் பிரேக் இல்ல.”

தங்கையா அண்ணன் வெற்றிலையை வெளியே துப்பினார். “அப்ப போக்குக் கிட்ட ஒதுங்கிக்கிறேன். போகட்டும் அவன்.”

போக்கு என்றால் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சின்னப் பாலம்; அங்கே ஒதுங்க இடம் இருந்தது. இரண்டு பேரும் பிழைத்திருப்போம். ஆனால் மணி நாலு. நாலு மணிக்கு, இன்னும் மூன்று வளைவு கீழே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், அறுபது பெண்களும் எங்கள் வண்டிக்காகச் சாக்கோடு நிற்பார்கள். மடுவத்தின் வாசலே ரோடுதான். லெட்சுமி எப்போதும் வரிசையின் முன்னால் நிற்பவள். சீக்கிரம் நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும் அவளுக்கு.

“ஒதுங்காதீங்க அண்ணே. ஓடுங்க.”

“என்னா சொல்றீங்க?”

“மடுவத்துல ஆளுங்க நிக்கிறாங்க. அவனுக்கு முன்னால போயாகணும். ஓடுங்க!”

தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். லெட்சுமியை நினைத்த பயமும், அந்தத் தகட்டை நினைத்த பயமும் சேர்ந்து என் வாயால் பேசின. முன்னால் போய் நம் வண்டியால் அவனைத் தாங்கி நிறுத்தலாமா என்றும் ஒரு கணம் ஓடியது. அவனுடைய பாரத்துக்கு முன்னால் எங்கள் வண்டி ஒரு தகரப் பேணி. நசுங்கியபடி அவனோடு சேர்ந்து மடுவத்துக்குப் போயிருப்போம்.

தங்கையா அண்ணன் மிதித்தார். ஏற்றத்துக்கென்று நான் செய்த வேகம் முழுவதும் இறக்கத்தில் அவிழ்ந்தது. ஈர ரோடு. இடது பக்கம் பள்ளம், அதுவும் என் பக்கம். வளைவில் காலை எடுக்க முடியாது, எடுத்தால் இஞ்சின் நிற்கும். ஒரு காலால் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்தபடி அவர் வளைத்தார். “பெரிய ஜெட்டு போட்டீங்களே பாஸ், பெரிய ஜெட்டு!” என்று பல்லைக் கடித்தார். பின் சில்லு ஒருமுறை ரோட்டை விட்டு வெளியே சுற்றியது. அந்த இடைவெளியில் நான் சத்தம் போட்டதாக அவர் பிறகு சொன்னார். எனக்கு ஞாபகமில்லை.

இரண்டு வளைவு இடைவெளி கிடைத்தது. கீழே மடுவத்துத் தகரம் தெரிந்தது. என் கை தானாக ஸ்டேரிங்கைத் தாண்டி ஹோர்னுக்குப் போனது. தங்கையா அண்ணன் அந்தக் கையை ஓங்கி அடித்தார்.

“ஹோர்ன் அடிச்சா ரோட்டுக்கு வருவாளுங்க!”

இதைத்தான் ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன். எங்கள் ஹோர்ன் கேட்டால் அறுபது பேரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டின் நடுவுக்கு வருவார்கள். அவர்களைக் காப்பாற்ற ஓடியவன் அவர்களைக் கூப்பிட்டுக் கொல்லப் போனேன். அந்த ஒரு அடியின் வலி இன்றைக்கும் மழை நாளில் என் மணிக்கட்டில் இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சத்தமில்லாமல் வந்தோம். பாதிப் பேர் ரோட்டில்தான் நின்றார்கள். தங்கையா அண்ணன் அவர்களை விலக்கிக்கொண்டு எதிரே இருந்த டிஸ்பென்சரி ஏற்றத்தின் வாயில் வண்டியைத் திருப்பினார். அது மடுவத்துக்கு முன்னால் பிரிந்து மேலே ஏறும் சின்ன ரோடு. நான் கதவைத் திறந்து விழுந்தேன். குதித்தேன் என்று எழுத ஆசைதான்.

“மேல ஏறுங்க! எல்லாரும் மடுவத்துக்கு மேல ஏறுங்க! லொறி வருது, பிரேக் இல்ல!”

பெண்கள் சாக்குகளைப் போட்டுவிட்டு மடுவத்துத் திண்டில் ஏறினார்கள். ரோடு காலியானது. அப்போதுதான் அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மடுவத்தைத் தாண்டினால் கூர்மையான வளைவு, பாலம், கீழே கங்கை என்று நாங்கள் சொல்லும் ஆறு. அந்த வேகத்தில் சுனில் அந்த வளைவை எடுக்க மாட்டான். அவன் பிழைக்க ஒரே ஒரு வழி டிஸ்பென்சரி ஏற்றம். மேலே ஏறினால் லொறி தானாகக் களைத்து நிற்கும். அந்த ஏற்றத்தின் வாயில் எங்கள் வண்டி நின்றது.

“அண்ணே, எடுங்க வண்டிய!”

தங்கையா அண்ணன் சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். பிரேக் அடித்தபோது கால் ஆக்ஸிலேட்டரை விட்டு நழுவியிருந்தது. என்னுடைய கெட்டிக்காரத்தனம் முழுவதும் குறுக்கே செத்துக் கிடந்தது. மேல் வளைவில் சுனிலின் ஹோர்ன்.

எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைக் கத்தினேன்.

“தள்ளுங்க!”

ஏன், எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. திண்டிலிருந்து குதித்தார்கள். முதல் ஆள் லெட்சுமி. “இந்த வண்டில கொள்ளி வைக்க” என்று சொல்லிக்கொண்டே தோளைக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் காலையில் செய்த பழக்கம். வண்டி அசைந்தது, உருண்டது, வடிகானுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. ஏற்றத்தின் வாய் திறந்தது. நான் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து, ரோட்டில் நின்று அந்தப் பக்கமாக வீசினேன்.

லொறி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சுனிலின் வாய் அசைவது தெரிந்தது. “பிரேக் நே பாஸ்! பிரேக் நே!” பிரேக் இல்லை என்கிறான். அவனுடைய வலது கை அந்த லீவரை இழுத்துக்கொண்டிருந்தது. இழுக்க வேண்டாம் என்று நான் சொன்ன லீவர். எதுவும் இல்லாத இடத்தில் கட்டியிருந்த லீவர். அதை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான்.

துவாயைப் பார்த்து ஸ்டேரிங்கை ஒடித்தான். இரண்டு சில்லு தரையை விட்டது. சாக்குகள் நாலா பக்கமும் பறந்தன. லொறி என்னைக் காற்றால் அடித்துவிட்டு ஏற்றத்தில் ஏறியது. ஏறி, முனகி, மெல்லக் களைத்து, நின்றது.

நின்றது என்று மூச்சு விட்டேன். பிறகு அது பின்னால் வரத் தொடங்கியது.

பிரேக் இல்லாத லொறி ஏற்றத்தில் எப்படி நிற்கும்? அதை நான் யோசித்திருக்கவே இல்லை. உள்ளே சுனில் கியருக்குள் போட முடியாமல் கடாமுடா என்று அரைத்துக்கொண்டிருந்தான். நான் மரம் மாதிரி நின்றேன். எனக்குப் பக்கத்தால் ஒரு கொழுந்துச் சாக்கு பறந்து போய் பின் சில்லுக்கு அடியில் விழுந்தது. லெட்சுமி. அடுத்த சாக்கு, அதற்கடுத்த சாக்கு. பெண்கள் வரிசையாக வீசினார்கள். மழையில் நனைந்த சாக்கு ஒவ்வொன்றும் ஒரு பிணக் கனம். முதல் சாக்கு வெடித்துக் கொழுந்து பச்சையாகப் பிதுங்கியது. லொறி அதன்மேல் ஏறியது. இரண்டாவதில் தடுமாறியது. மூன்றாவதில் நின்றுவிட்டது.

எந்தக் கொழுந்துக்காக இத்தனை நாளாக அடித்துக்கொண்டோமோ, அது சாறாக ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

சுனில் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “பாஸ் இல்லாட்டி நான் இன்னைக்குக் கங்கையிலதான்” என்று எல்லோரிடமும் சொன்னான். பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகக் கேலி இல்லை. எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

தங்கையா அண்ணன் மட்டும் லொறிக்கு அடியில் குனிந்து புகைக் குழாயைப் பார்த்தார். நிமிர்ந்தார். புதிதாக ஒரு வெற்றிலை மடித்தார்.

“வெல்டிங் அழகா இருக்கு, பாஸ்” என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அந்தத் தகடு முட்டாகக் கிடந்தது. உங்கள் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது சண்டைக் காலம். பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் இறங்கி ஐடென்டிட்டி கார்ட்டைக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தமிழ் பாஸ் ஒரு சிங்களப் பையனின் லொறிப் பிரேக்கைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறான் என்று யாராவது ஒரு வரி சொன்னால் போதும். இழுவை, புகை, போட்டி என்று விளக்கம் கேட்கிற அளவுக்கு யாருக்கும் பொறுமை இருக்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் உயிர் காத்த ஆள். அந்த இரும்பை அப்படியே கங்கையில் போட்டுவிட்டால் தங்கையா அண்ணனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் சுனில் பிரேக்கைச் சரிசெய்துகொண்டு நாளைக்கே மறுபடி இறங்குவான். லீவரை இழுப்பான்.

நான் அதைத் தூக்கினேன்.

“கதவு முட்ட எங்க தூக்கிட்டுப் போறீங்க?” என்றாள் லெட்சுமி.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி விறகை உள்ளே தள்ளினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பாணிப் போத்தல்ல பாதி மிச்சம் இருக்கு” என்றாள் கடைசியில். “அதையும் கொண்டு போங்க.”

மறுநாள் காலை பையில் இரும்பும் போத்தலுமாக மேல் கிராமத்துக்கு ஏறினேன். வழியில் காவலுக்கு நின்ற ஆள் பையைத் திறக்கச் சொன்னான். தகட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். லொறிச் சாமான், லொறியிலேயே மாட்டிப் பூட்டப் போகிறேன் என்றேன். என் குரல் எனக்கே சந்தேகமாகக் கேட்டது. பிறகு போத்தலைப் பார்த்தான், முகர்ந்தான், சிரித்தான், போ என்றான். ஒரு வாய் பாணி என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

சுனிலின் முற்றத்தில் லொறி நின்றது. ஃபெக்டரி ஆட்கள் ராத்திரியே புது லைனிங் போட்டு மேலே கொண்டு வந்து விட்டுப் போயிருந்தார்கள். அவனுடைய அண்ணன்மார் இரண்டு பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார்கள், அது இன்னும் மோசம். சுனிலை லொறிக்குப் பின்னால் கூட்டிப் போனேன். பையைத் திறந்து காட்டினேன்.

“அந்த லீவரு இழுத்தா வேலை செய்யறது இதுதான். இறக்கத்துல லொறியப் பிடிக்கறது இதுதான். உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ வேணாம்னு சொல்லிடுவன்னுதான் சொல்லல.”

அவன் தகட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். படியில் இருந்த அண்ணன்மாரைப் பார்த்தான். அவன் ஒரு குரல் கொடுத்தால் என் கதை அங்கேயே முடிந்துவிடும்.

“நேத்து அந்த லீவரு எத்தனை தரம் இழுத்தேன் தெரியுமா பாஸ்?” என்றான் மெல்ல.

தெரியும் என்றேன்.

பாணிப் போத்தலை எடுத்துப் பார்த்தான். “பாதி சாப்பிட்டாச்சுதானே.” போத்தலைப் பையிலேயே திரும்ப வைத்தான். “இது லொறிப் பிரச்சினை. லொறிக்கு அடியிலயே இருக்கட்டும். பூட்டுங்க.”

பூட்டினேன். பம்பையும் பழைய அளவுக்கு இறக்கினேன். பகல் இரண்டு மணி தாண்டியிருந்தது; கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

“எங்க போறீங்க? ஏறுங்க.”

“நான் எதுக்கு?”

“பூட்டினது நீங்கதானே. பக்கத்துல இருங்க.”

இடது பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தான். ஏறினேன். வழியில் சாக்குகளை ஏற்றினான். நான் இன்னும் இறங்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இறக்கத்தின் தலையில் லொறியை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு விட்டான். லொறி வேகம் பிடித்தது. அவன் கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி எனக்குக் காட்டினான். நான் என்ன சத்தம் போட்டேன் என்று எழுத மாட்டேன், தங்கச்சி படிக்கிறாள். அவன் லீவரை இழுத்தான். அடியில் ‘ஹூஷ்ஷ்’ என்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்த மாதிரி லொறி அடங்கியது.

“பயமா பாஸ்?”

“பயந்தான்.”

“எனக்கும்” என்றான். அப்போதுதான் அவன் சிரித்தான்.

மடுவத்தடியில் லெட்சுமி நின்றாள். எதிரி லொறியில் புருஷன் வருவதைப் பார்த்தாள். சுனில் ஹோர்ன் அடித்தான். அறுபது பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

பெற்றோல் வண்டிக்கும் பழைய கார்பரேட்டரைத் திரும்பப் போட்டேன். அது மெதுவாக ஏறியது, ஆனால் காலையில் தானாக ஸ்டார்ட் ஆனது. பாதிக் கொழுந்து சுனிலுக்குத்தான் போனது. தொரை என்னை நாலு மாதம் ஏசினார். கழற்றிய பெரிய ஜெட் கார்பரேட்டர் இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டாக இருக்கிறது. லெட்சுமி அதை மாற்ற விடுவதில்லை.

அன்றிலிருந்து நான் கை வைத்த எந்த வண்டியையும் சாவியைக் கொடுத்து அனுப்பியதில்லை. பாரத்தை ஏற்றச் சொல்லி, இடது பக்கத்தில் ஏறி, இருக்கிற இறக்கத்திலேயே மோசமான இறக்கத்தால் போய் வருவேன். ‘பாஸுக்குப் பைத்தியம்’ என்றார்கள். நீங்களும் ஏறுங்கள். ஏறும்போது கை நடுங்கினால் இறங்கி இன்னொரு தரம் அடியில் பாருங்கள். நடுங்காவிட்டாலும் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கை நடுங்கவே இல்லை.